ஒன்பதாயிரம் வெள்ளி டிவியில் ஒரு கறை

செனாய்,
திங்கட்கிழமை.

பேரன்பும் பெருமதிப்பும் உடைய மச்சான் ராஜசேகரன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மலரின் கணவன் சுகுமாறன் வணங்கி எழுதுவது. சாஆவில் தாங்களும் கிருஷ்ணம்மா அக்காவும் பேரப்பிள்ளைகளும் செம்பனைக் காட்டுக் கொசுவைத் தவிர வேறு தொல்லை எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்து எழுத வேண்டும். முறை அதுதான், எழுதிவிட்டேன். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அந்த ஒரு வரியை மட்டும் தாங்களே பேனாவால் அடித்துக்கொள்ளலாம்.

கையில் போன் இருக்கும்போது இவன் எதற்குத் தபால்தலை ஒட்டுகிறான் என்று தாங்கள் கேட்பீர்கள். காரணமே தாங்கள்தான். வாட்ஸ்அப்பில் எழுதினால், கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று பேத்தியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வீர்கள். குரலில் பேசி அனுப்பினால் கோப்பிக்கடையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பீர்கள். போன தீபாவளிக்கு முன்னால் என் மூல வியாதிக்குத் தங்களிடம் இரகசியமாக ஒரு யோசனை கேட்டேன். சாஆ கோப்பிக்கடையிலிருந்து மூன்று பேர் பதில் அனுப்பினார்கள், அதில் ஒருவர் யாரென்றே எனக்கு இன்றுவரை தெரியாது. சரி, நேரே பேசலாம் என்று போன் போட்டால் மலர் பக்கத்தில் வந்து நிற்கிறாள், அண்ணனிடம் தானும் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். ஆகவே கடிதம். இதைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். அக்காவிடம் காட்டலாம், காட்டத்தான் வேண்டும், ஆனால் தாங்கள் முழுவதும் படித்த பிறகு.

விஷயம் நான் டிவி வாங்கப் போனதில் ஆரம்பிக்கிறது. எங்கள் வீட்டுப் பழைய டிவியைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்து, செய்தி வாசிக்கிற பெண்ணை இரண்டு பங்காகப் பிரித்து வைத்திருக்கிறது. நான் அதோடு சமாதானமாகத்தான் இருந்தேன். ஆனால் நம் மகள் தேன்மொழிக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு நம் வீட்டில், காஹாங்கிலிருந்து சம்பந்தி வீட்டார் ஒரு வேன் நிறைய வருகிறார்கள். வந்தவர்களுக்குக் கூடத்தில் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது மாப்பிள்ளை ரூபேந்திரனின் ஆசை. மாப்பிள்ளை சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார், அதனால் எல்லாவற்றைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருக்கும். "மாமா, வாங்கறதா இருந்தா ஓலெட் வாங்குங்க. கறுப்புன்னா அதுலதான் நெசமான கறுப்பு. மத்ததெல்லாம் டிவியே இல்ல மாமா," என்று போனில் அரை மணி நேரம் பாடம் எடுத்தார். அவர் கருத்துக்கு எதிராக மலர் ஒரு கருத்து வைத்திருந்தாள். "படம் தெரிஞ்சா போதாதா? பேசறவங்க மூஞ்சில எத்தன முடி இருக்குன்னு எண்ணவா போறோம்? மலிவா ஒண்ண வாங்கிப் போடுங்க. கல்யாண வீடியோவெல்லாம் எதுக்கு, எல்லாரும் நேர்ல வந்து பார்த்ததுதானே," என்றாள். தங்கள் தங்கையின் சிக்கனம் ஊர் அறிந்தது, அதனால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேலும் டிவி வாங்க என்னைவிடத் தகுதியான ஆள் இந்த ஜொகூரில் கிடையாது என்பது என் எண்ணம். செனாய் தொழிற்பேட்டையில் மின்னணுப் பலகைகள் செய்கிற ஒரு கிலாங்கில், சரக்கின் தரம் பார்க்கிற கியூசி வேலையிலேயே தலை நரைத்தவன் நான். பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே பலகையை வைத்து, மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்து, குறை இருக்கிற இடத்தைக் காட்டி ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் கூடையில் போட வேண்டும், அதுதான் வேலை. ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள், அது ஓடவில்லை, மேடையிலேயே அம்பு ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வரும்போது ஒரு சுருள் அம்பை மட்டும் ஞாபகமாக எடுத்து வந்தேன். சமையலறைக் குழாய், வாசல் கேட், தேன்மொழியைப் பெண் பார்க்க முதலில் வந்தவனுடைய கார் என்று வீட்டிலும் ஒட்டியிருக்கிறேன். கோயில் உற்சவத்தில் தேர் கொஞ்சம் சாய்ந்தபோது நான் சட்டைப்பையில் கை விட்டதையும் தாங்கள் என் கையைப் பிடித்து இழுத்ததையும் நான் மறக்கவில்லை.

போன சனிக்கிழமை கூலாய்க்குப் போனேன். பெரிய எலக்ட்ரிக் கடை, பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பு இல்லை. ஷாநவாஸ் என்று ஒரு விற்பனையாளர், நம்ம தமிழ் முஸ்லிம், நாற்பது வயது இருக்கும், சாந்தமான மனிதர். அன்றைக்கு என்னிடம் மாட்ட வேண்டும் என்று அவருக்கு எழுதியிருக்கிறது. இரண்டு டிவியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். இரண்டும் ஒரே அளவு. ஒன்று மாப்பிள்ளை சொன்ன ஓலெட், ஒன்பதாயிரம் வெள்ளி. மற்றது சாதாரணம், அதன் விலையில் கால்வாசிதான். இரண்டிலும் ஒரு பஞ்சவர்ணக் கிளி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது, அடுத்தாற்போல் தேன் ஊற்றினார்கள், அதற்கடுத்து மிளகாய் பறந்தது. "தம்பி, நான் வளகாப்புக்கு வாங்கறேன், கிளி ஜோசியத்துக்கு இல்ல," என்றேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, மச்சான். குறையே இல்லை என்று நமக்கு நன்றாகத் தெரிந்த மாதிரி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தெரியாத பொருளைச் சோதிக்க வேண்டும். கடைக்காரன் தருகிற படத்தை வைத்து கடைக்காரனின் டிவியைச் சோதிக்கக் கூடாது. எனக்கு ஒவ்வொரு அங்குலமும் தெரிந்த படம், குறையே இல்லாமல் நடந்த காரியம், போன வருஷத்து தேன்மொழி கல்யாணம்தான். பென்டிரைவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஷாநவாஸ் அதைப் பார்த்ததும் என் முகத்தைப் பார்த்து, "முழுக் கல்யாணமுமா, அங்கிள்?" என்று கேட்டார்.

முதலில் மலிவு டிவியில் போட்டோம். ஒன்றும் மோசமில்லை. வாழை மரம், பின்னால் தொங்கிய திரை, மலர் கட்டியிருந்த பிஸ்தா பச்சைப் பட்டு எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்தன, ஆனாலும் கல்யாணம் கல்யாணமாகத்தான் இருந்தது. பிறகு ஓலெட்டில் போட்டோம். மச்சான், நான் உண்மையைச் சொல்கிறேன். ஐயரின் முதுகில் வேர்க்குரு தெரிகிறது. சம்பந்தியம்மாவின் மூக்குத்தியில் ஒரு கல் விழுந்திருப்பது தெரிகிறது. காலைப் பந்தியில் தாங்கள் மூன்றாவது வடையைக் கைக்குட்டையில் சுற்றி பையில் வைப்பது எண்ணெய் ஊறுவது முதற்கொண்டு தெரிகிறது, அக்காவுக்காக எடுத்தீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். "பாத்தீங்களா அங்கிள், காசுக்கு ஏத்த படம் லா," என்றார் ஷாநவாஸ். ஒன்பதாயிரம் என்பது என் கண்ணுக்குக் குறையத் தொடங்கியது, மனதுக்குள் பாதி வாங்கியே விட்டேன். அப்போதுதான் கெட்டிமேளம் வந்தது. எல்லோரும் அட்சதை போடக் கையை உயர்த்துகிறார்கள். மலரும் உயர்த்துகிறாள். முந்தானை கொஞ்சம் நழுவுகிறது. அவளுக்கு இடது பக்கம், கைக்குக் கீழே, ரவிக்கையில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு கறுத்த கறை.

"நிறுத்துங்க," என்றேன். நிறுத்தினார். கிட்டப் போய்ப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன். கறைதான். பணத்தைக் கொட்டி வாங்குகிற டிவியில் பேனல் கறை. எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது, மச்சான்; ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சுத்தமான ஒரு குறை என் கண்ணில் பட்டதே இல்லை. சட்டைப்பையிலிருந்து அம்பை எடுத்து, கறையைக் குறி பார்த்துத் திரைமேலேயே ஒட்டிவிட்டேன். "அலமாக், அங்கிள், ஒட்டாதீங்க, டிஸ்பிளே செட்டு இது," என்று ஷாநவாஸ் பதறினார். "டிஸ்பிளேயோ என்னவோ, ரிஜெக்ட் ரிஜெக்ட்டுதான்," என்றேன். அவர் வெள்ளைத் திரையைப் போட்டுக் காட்டினார். பால் மாதிரி இருந்தது, கறை இல்லை. இதற்கெல்லாம் நான் ஏமாறுவேனா. "சில குறை சில நிறத்துலதான் வெளிய வரும் தம்பி, பச்சைல மட்டும் வர்ற கறைய நான் கையால பிடிச்சிருக்கேன்," என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். வேறு பெட்டியைத் திறக்கச் சொன்னேன். கடை முதலாளி தவுக்கே கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து முணுமுணுத்தார், நான் அசையவில்லை. புது செட்டைப் பிரித்து, தூக்கி நிறுத்தி, அதே இடத்தில் வீடியோவை நிறுத்தினார்கள். அதே கறை. அதே அளவு. அதிலும் ஒரு அம்பை ஒட்டினேன். அப்படியென்றால் ஒரு செட்டில் மட்டும் தப்பு இல்லை, வந்த சரக்கு முழுவதும் கோளாறு என்று தவுக்கேயைப் பார்த்து உரக்கச் சொன்னேன். கடையில் இருந்த வேறு இரண்டு குடும்பங்கள் மெதுவாக வெளியே போய்விட்டன.

ஷாநவாஸ் ரிமோட்டை எடுத்து வீடியோவை ஓட விட்டார்.

அம்பு ஒட்டின இடத்தில் நின்றது. கறை நகர்ந்தது. மலர் ஒரு அடி முன்னால் வந்தாள், கறையும் வந்தது. அவள் தேன்மொழிப் பக்கம் திரும்பினாள், கறையும் திரும்பியது. என் சிவப்பு அம்பு யாரும் இல்லாத திரைச்சீலையைக் காட்டிக்கொண்டிருந்தது. பேனலில் இருக்கிற கறை இடம் மாறாது, மச்சான். கேமரா லென்சில் இருக்கிற கறையும் இடம் மாறாது. ஆளோடு நடக்கிற கறை ஆள் மேல்தான் இருக்கும், இதை முதல் நாள் வேலைக்கு வந்தவனும் சொல்வான். ஷாநவாஸ் எனக்கு முன்னாலேயே புரிந்துகொண்டுவிட்டார். சத்தத்தைக் குறைத்தார். "அங்கிள், இது டிவி இல்ல," என்றார். நான் ரிமோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். சந்தனம் என்று நினைத்துப் பார்த்தேன், சந்தனம் அந்த நிறமில்லை. வெற்றிலைச் சாறு என்று நினைத்துப் பார்த்தேன், மலர் வெற்றிலை போடுவதில்லை. ஓரத்தில் பழுப்பு, நடுவில் சிவப்பு, நடுவில் இன்னும் ஈரமாக மின்னுகிறது.

அதற்குப் பிறகு வருவதைத் தாங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். மண்டபத்தில் அத்தனை பேரும் தாலியைப் பார்க்கிறார்கள். ஒரே ஒருவர் பார்க்கவில்லை. கிருஷ்ணம்மா அக்கா கூட்டத்துக்குள் புகுந்து வருகிறார், வந்து மலரின் முந்தானையை இழுத்து அந்த இடத்தை மூடி, கைக்குக் கீழே செருகி, மேலே தன் உள்ளங்கையை வைத்து அழுத்துகிறார். மலர் திரும்பி ஏதோ சொல்கிறாள். அக்கா உதட்டைக் கடித்துக்கொள்கிறார், கேமராவைப் பார்க்கிறார், உடனே சிரிக்கிறார். பந்தி முடியும்வரை மலரின் இடது பக்கத்தைவிட்டு அக்கா நகரவே இல்லை. மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்றும் பார்த்தேன். முன்னால் நிற்கிறேன், மேளக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டி, தாளம் பிசகுகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அதே இடத்தை மலிவு டிவியில் போடச் சொன்னேன். ஒன்றும் இல்லை. பச்சை ரவிக்கை, பச்சைப் புடவை, பச்சைத் திரை. அக்கா வருவதும் சும்மா புடவையைச் சரி செய்வது மாதிரிதான் இருக்கிறது. இத்தனை மாதமாக எங்கள் கோடு விழுந்த டிவியில் எத்தனை தடவை அதைப் பார்த்திருக்கிறேன், அப்போதும் அப்படித்தான் இருந்தது.

என்ன வியாதி என்று எழுதக் கை வரவில்லை. தங்கள் சின்னம்மா ராசம்மா மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் இருந்தாரே, அதுதான் ஞாபகம் வருகிறது. வீட்டுக்கு வந்து மலரைக் கவனித்தேன். துணி காயப்போடும் கயிற்றை எப்போதோ தாழ்த்திக் கட்டியிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. குறட்டை தாங்கவில்லை என்று தேன்மொழி அறைக்குப் போய்ப் படுக்கிறாள், நான் குறட்டைக்கு மருந்து தேடினேன். பவுடர் டின் வாரத்துக்கு ஒன்று தீர்கிறது, அதற்கு நான் விலைவாசியைத் திட்டினேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். இவ்வளவு பயம் எனக்கு இதற்குமுன் வந்ததில்லை.

கோபமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவுக்குத் தெரிந்தால் தங்களுக்கும் தெரிந்திருக்கும், தெரிந்து வைத்துக்கொண்டுதான் இத்தனை மாதம் என் வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டு, ரசத்தில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டுப் போனீர்கள் என்று நினைத்து, அன்றைக்கே பஸ் ஏறிச் சாஆவுக்கு வந்து தங்கள் சட்டையைப் பிடித்துக் கேட்பதாக இருந்தேன். அதற்கு முன்னால் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று, கடையிலேயே ஓலெட்டில் தங்கள் முகம் வரும் இடமெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சோதித்தேன். பந்தியில் பார்த்தேன், மேடையில் பார்த்தேன், மொய் எழுதும் மேசையில் பார்த்தேன். தங்கள் முகத்தில் பாயசத்தைப் பற்றிய கவலையைத் தவிர வேறு எதுவும் இல்லை. தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பாஸ் போட்டுவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம் தங்களுக்கு வருகிறது.

ஷாநவாஸ் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தவுக்கே எதையோ கேட்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எது வேணும் அங்கிள்? இல்ல, இன்னொரு நாளைக்கு வர்றீங்களா?" என்று ஷாநவாஸ் கேட்டார். நான் மலிவு டிவியைக் கை காட்டினேன். அவர் இரண்டு திரையிலும் இருந்த அம்புகளை நகத்தால் மெல்ல உரித்து எடுத்துவிட்டு, பில் போட்டார். வளைகாப்பு அன்றைக்கு எங்கள் கூடத்தில் காஹாங் சனமெல்லாம் உட்கார்ந்து அந்தக் கல்யாணத்தைப் பார்க்கப் போகிறது. தேன்மொழி வயிற்றுப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறாள். அங்கே அந்தக் கறை தெரியக் கூடாது. அது யாருக்குத் தெரிய வேண்டும், எப்போது தெரிய வேண்டும் என்பதை மலர்தான் சொல்ல வேண்டும், டிவி சொல்லக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும், "எதுங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். "மலிவானதுதான். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு," என்றேன். கியூசிக்காரனாக என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பொய். "இப்பதான் உங்களுக்குப் புத்தி வந்திருக்கு," என்று சிரித்துக்கொண்டே போய்ப் பால் கோப்பி கலக்கிக் கொண்டுவந்தாள், வலது கையால். மாப்பிள்ளைக்கு விஷயம் போனதும் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. "மாமா, நீங்களா இது? ஒங்க கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணா தெரியுதா? மாமா, கண் டாக்டரப் பாருங்க மாமா," என்று உண்மையான கவலையோடு சொன்னார். தேன்மொழி வாங்கிப் பேசி, சர்க்கரை கூடியிருக்கும், சோதித்துப் பாருங்கள் என்றாள். இப்போது குடும்பம் முழுவதும் என் கண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறது. மலர் நேற்று எனக்காகக் கண் கிளினிக்குக்கு நாள் வாங்கியிருக்கிறாள், மச்சான். தனக்கு வாங்கவில்லை, எனக்கு வாங்கியிருக்கிறாள்.

நானே கேட்டால் என்ன என்று தாங்கள் சொல்வீர்கள். நேற்றும் இன்றும் கேட்கத்தான் எழுந்தேன். கேட்டால் அவள், "அதுவா, சந்தனம்," என்பாள். அவள் முகத்தைப் பார்த்தால் நான் அதை நம்பிவிடுவேன். நம்ப எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. அதுதான் என் பயம். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. முதலில் கல்யாணம் முடியட்டும், பிறகு வளைகாப்பு முடியட்டும், பிறகு பிரசவம், அதற்குப் பிறகு பிள்ளைக்குப் பெயர் வைப்பது. ஒரு வீட்டில் விசேஷத்துக்கா பஞ்சம்.

ஆகவே தங்கள் பாதம் தொட்டுக் கேட்பது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்துக்கொண்டு, சும்மா வந்த மாதிரி வீட்டுக்கு வாருங்கள். அக்காவிடம் தங்கள் வழக்கப்படி கத்த வேண்டாம். நான் கடைக்குப் போகிற மாதிரி வெளியே போய்விடுகிறேன். அக்கா மலரிடம் பேசி, எப்படியாவது பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும். அக்கா அழைத்தால் போவாள். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி கடைசிவரை காட்டிக்கொள்ள மாட்டேன், ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து சொல்லும்போது நானும் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்வேன். அவள் விரும்பியபடியே இருக்கட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். அவர் மேல் இருந்த கோபம் இந்தப் பக்கம் எழுதி முடிப்பதற்குள் குறைந்துவிட்டது, அந்தக் கூட்டத்தில் அந்த இடத்தில் கையை வைக்க ஒருவராவது இருந்தாரே. பேரப்பிள்ளைகள் எல்லாம் படித்து, உடம்பு கெடாமல், நெடுநாள் வாழ எங்கள் இருவருடைய ஆசியும் உண்டு. தங்கள் முழங்கால் வலிக்குக் கோப்பிக்கடையில் சொல்லும் எண்ணெயைத் தடவாதீர்கள்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
சுகுமாறன்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை மத்தியானம். மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கவும் வேண்டாம், வீட்டுக்கு வரவும் வேண்டாம். இதைப் போனிலேயே சொல்லலாம், சொல்லத்தான் போகிறேன், ஆனால் தபால்தலை ஒட்டியாயிற்று, எழுதியதைக் கிழிக்கவும் மனம் வரவில்லை.

தபால் நிலையத்துக்குக் கிளம்பும் நேரத்தில் டிவி வந்துவிட்டது. ஆட்கள் சுவரில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மலரே பென்டிரைவைத் தேடி எடுத்து வந்து, கல்யாணத்தைப் போடச் சொன்னாள். தாலி கட்டுகிற இடம் வந்ததும் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் டிவியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். அவள் தாலியைப் பார்க்கவில்லை, தன்னைத்தான் தேடிப் பார்த்தாள். அந்த இடம் தாண்டியதும் மூச்சு விட்டாள். "நல்லாத்தாங்க இருக்கு. வர்றவங்களுக்கு இதுவே போதும்," என்றாள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கடையில இருந்த இன்னொண்ணுல தெரிஞ்சுது மலரு," என்று வந்துவிட்டது.

அவள் திரும்பவில்லை. டிவியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. "அது என்ன வெல?" என்று கேட்டாள். சொன்னேன். "நல்ல வேள, வாங்கல," என்றாள். பிறகு, "வளகாப்பு முடியட்டும்னு இருந்தேங்க," என்றாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ரிமோட்டை எடுத்து அவளே டிவியை அமர்த்தினாள். "இப்படி வாங்க, ரூமுக்கு. லைட்டப் போடுங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாங்க," என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள்.

பார்த்தேன், மச்சான். நாளைக் காலையில் ஜொகூர் பாரு பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். அக்காவை அழைத்துக்கொண்டு நேரே அங்கேயே வந்துவிடுங்கள், நான் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதாது.